டிவியில் வராத நம்பர்

பாடாலூர் கரும்பு ஆபீசுக்கு டிவிப் பெட்டி வந்து இறங்கிய அன்று, இனி ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க டவுனுக்குப் போக வேண்டாம் என்றுதான் கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். லப்பைக்குடிக்காட்டில் துபாய்க்குப் போய்த் திரும்பிய ஒரு பாய் வீட்டிலிருந்து அதை விலைக்கு வாங்கி, வேனுக்குள் வைக்கோல் பரப்பி, பிள்ளைத்தாச்சியை அழைத்து வருவதுபோல மெதுவாகக் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டு நாள் கழித்துத் திருச்சியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி வந்தது. பிரித்துப் பார்த்தால், பேப்பர் சொருக இடமில்லாத டைப் மிஷின் மாதிரி ஒன்று. இதுதான் கம்ப்யூட்டர் என்றார் கிளார்க் அமிர்தலிங்கம். மூன்று மாதம் திருச்சிக்குப் போய் அதைப் படித்துவிட்டு வந்தவர். வந்ததிலிருந்து சட்டையை பேண்டுக்குள் விட்டுக்கொண்டு நடந்தார்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு முகம் கிடையாது. தனக்குத் தெரிந்ததைக் காட்ட அதற்கு ஒரு டிவி வேண்டும். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரேடியோ கடை வைத்திருக்கும் ராசாங்கம் வந்து, ஆன்டெனா வயர் போகிற ஓட்டையில் கம்ப்யூட்டரின் வயரைச் சொருகி, குமிழைத் திருகிக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரம் பெட்டிக்குள் புள்ளி புள்ளியாக மழை பெய்தது. பிறகு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து நின்றது. கூடியிருந்த விவசாயிகள் கைதட்டினார்கள். தங்கள் தலையெழுத்தை அதற்குள் போட்டுத்தான் காட்டப்போகிறார்கள் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

அதுவரைக்கும் கரும்பு வெட்டு ஆர்டரை ஆலையின் பீல்டுமேன் சைக்கிளில் வீட்டுக்கே கொண்டுவருவார். இந்த வருஷம் முறை மாறியது. ஆலையிலிருந்து திங்கட்கிழமைதோறும் ஒரு கேசட் வரும். அதை டேப் ரெக்கார்டரில் போட்டால் காது கிழிய ஐந்து நிமிஷம் கீச்சிடும். கீச்சிட்டு முடிந்ததும் அந்த வாரம் யார் யார் கரும்பை வெட்டலாம் என்று டிவியில் நம்பர் வரும். நட்ட தேதி வாரியாக வரும் என்பதால் நம்பர்கள் முன்னே பின்னே கலந்து கிடக்கும். தன் பதிவு நம்பரைப் பார்த்தவன் அமிர்தலிங்கத்திடம் சொல்லிச் சீட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் வாங்காவிட்டால் அவன் முறை போச்சு. ஒரு மாதம் கழித்து அடுத்த சுற்றின் வாலில் நிற்க வேண்டியதுதான்.

கண்ணகிக்கு அந்த வாரம் நம்பர் வந்தாக வேண்டும். அவளும் குருநாதனும் நத்தமேட்டில் மூன்று ஏக்கர் கரும்பு போட்டிருந்தார்கள். பதினான்கு மாதம் ஆகிவிட்டது. கிணற்றில் மோட்டார் போட்டால் கால் மணி நேரத்தில் காற்றை இழுத்தது. கரும்பு பூத்து, சோகை எனும் கரும்பிலை முழுக்கக் காய்ந்து, கொல்லைக்குள் ஒரு கோழி நடந்தால்கூட ஊருக்கே கேட்டது. ஒவ்வொரு நாள் வெயிலுக்கும் கரும்பு எடை குறைந்துகொண்டே போனது. இன்னும் ஒரு மாதம் நின்றால் அடுப்பெரிக்கத்தான் ஆகும். வருஷம் முழுக்கப் பட்ட பாடு அந்த மூன்று ஏக்கருக்குள்தான் நின்றுகொண்டிருந்தது.

திங்கட்கிழமை அவள் ஒருத்தர் கொல்லையில் வெங்காயம் அறுக்கும் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஆபீசுக்குப் போய்ப் பார்த்தாள். கையில் வெங்காய வாடையோடு கூட்டத்தில் நெருக்கியடித்து நின்று பார்த்தாள். டிவியில் ஒரு பக்கம் நிறைய நம்பர், அடுத்த பக்கத்தில் பாதி. அவர்களுடைய நானூற்றுப் பதினெட்டு இல்லை.

வீட்டுக்கு வந்தபோது குருநாதன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தான்.

"வரலியா?"

"இல்லீங்க."

"நல்லாப் பாத்தியா புள்ள?"

"மூணு தடவ பாத்தேன். ரெண்டு பக்கத்தையும் மாத்தி மாத்திப் போட்டுக் காமிச்சாரு. நம்ம நம்பரு இல்ல."

"நம்மகூட நட்டவனுக்கெல்லாம்?"

அவள் வாளியை எடுத்து மாட்டின் முன்னால் வைத்தாள். அவர்களோடு ஒரே வாரத்தில் நட்ட ஏழு பேருக்கும் வந்திருந்தது. அதைச் சொன்னால் அன்றைக்குச் சாப்பிட மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் குருநாதன் அதை ஏற்கெனவே டீக்கடையில் கேட்டுவிட்டு வந்திருந்தான்.

"ஏழு பேருக்கு வந்திருக்கு. நம்மள மட்டும் எவனோ எடுத்துட்டான்."

"மிஷின்ல யாருங்க எடுக்க முடியும்?"

"மிஷினுக்குள்ள போடறது மனுசன்தான? போன எலக்சன்ல நா எவனுக்கு வேல செய்யலன்னு எல்லாருக்கும் தெரியும்ல?"

அவள் கம்மங்கூழைக் கரைத்து, நாலு சின்ன வெங்காயத்தை உரித்து வைத்தாள். அவன் கூழைக் குடித்தான். வெங்காயத்தைத் தொடவில்லை. குடித்து முடித்துவிட்டுக் கொல்லைப் பக்கம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"பொன்னம்மா காட்ட ஞாயித்துக்கெழமயே வெட்டி ஏத்திட்டாங்களாம்."

கண்ணகி கையிலிருந்த சட்டியை அப்படியே வைத்தாள். அந்தப் பேச்சு வரக்கூடாது என்றுதான் அவள் இரண்டு நாளாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பொன்னம்மாள் பக்கத்து ஊர். புருஷன் இல்லாதவள். போன வாரம் அவள் நம்பரும் டிவியில் வரவில்லை. சனிக்கிழமை அவள் கரும்பு தீப்பிடித்தது. எரிந்த கரும்பைப் போட்டு வைத்தால் ஆலைக்கு ஆகாது. அதனால் எரிந்த கரும்புக்கு மட்டும் கம்ப்யூட்டரும் கிடையாது, வரிசையும் கிடையாது. பீல்டுமேன் கொல்லைக்கே வந்து பார்த்து ஆர்டர் எழுதிவிடுவார், மறுநாளே ஆள் இறங்கிவிடும். எடையில் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அதற்கு முந்தின வாரம் இரூர்ப் பக்கம் ஒன்று எரிந்தது. அதற்கும் முந்தின வாரம் ஒன்று. டிவி வந்ததிலிருந்து வாரத்துக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. பீடி குடிச்சவன் போட்டுட்டான், மேலே போகிற கரண்டுக் கம்பி உரசிடுச்சு என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதெல்லாம் நமக்கு வேணாங்க," என்றாள் கண்ணகி.

"வேணாம்னா காயவிட்டு வேடிக்கை பாக்கச் சொல்றியா?"

"பக்கத்துக் கொல்லயில எளங்கரும்பு நிக்குது. காத்து இப்படி அடிக்குது. ஒரு பொறி பறந்தா என்னத்துக்கு ஆவும்? நம்ம கையால நட்டத நாமளே கொளுத்தறதா?"

"ஒண்ணு அது எரியணும். இல்லாட்டி நா எரியணும்."

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, மோட்டாருக்கு பெல்ட் மாத்தணும் என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னான். அவள் அருகே வந்து அவன் காலடியில் உட்கார்ந்துகொண்டாள்.

"சனிக்கெழம அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்குல்ல? அதுவரைக்கும் பொறுங்க. நா தெனம் போறேன். அந்தாளு கால்ல வேணாலும் உழறேன். எனக்காவப் பொறுங்க."

"சரி, போ. சனிக்கெழம வரைக்கும்."

செவ்வாய் போனாள். புதன் போனாள். வியாழன் போனாள். வெங்காயம் அறுக்கிற வேலைக்கு வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு நாளும் அமிர்தலிங்கம் அதே நம்பர்களைப் போட்டுக் காட்டினார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெட்டி காட்டுவதைத் தாண்டி உலகத்தில் வேறு எதுவும் இல்லை என்று நம்பினார்.

"ஏம்மா, டிவியில இல்லாதத நா எங்கேருந்து கொண்டு வரது?"

"பேப்பருல கீப்பருல எழுதி வெச்சிருக்க மாட்டாங்களா சார்?"

"பேப்பரெல்லாம் ஒழிஞ்சுதும்மா. இனிமே எல்லாம் இதான். இது மனுசன் மாதிரி மறக்காது, ஆள் பாத்துச் செய்யாது."

"அப்ப எங்க நம்பரு?"

"வரும்மா. அடுத்த சுத்துல வரும்."

அடுத்த சுற்று வரைக்கும் கரும்பு நிற்குமா என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு மாதச் சம்பளம்.

வீட்டில் குருநாதன் பேச்சைக் குறைத்துவிட்டான். வியாழக்கிழமை கொல்லையைச் சுற்றிலும் சோகையை நாலு அடி அகலத்துக்குச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்துக் கொல்லை வரப்போரம் மட்டும் எட்டு அடி. என்னத்துக்கு என்று அவள் கேட்டதற்கு, மாட்டுக்கு அடியில் பரப்ப என்றான். சோகையைக் கட்டியது மாதிரியும் தெரியவில்லை, மாட்டுக்கு அடியில் பரப்பிய மாதிரியும் தெரியவில்லை. அன்று முழுக்கக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மண்ணைக் கிள்ளிப் போட்டுப் பார்த்துக்கொண்டேயிருந்தான். அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வீட்டிலிருந்த தீப்பெட்டியை எடுத்துத் தன் மடியில் சொருகிக்கொண்டாள். தீப்பெட்டி பெட்டிக்கடையில் கிடைக்காதா என்ன? ஆனாலும் சொருகிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் பஸ்ஸுக்கே கிளம்பினாள்.

"இன்னைக்கு ஆபீசர் வருவாராம். நேரா அவருகிட்டயே சொல்லிட்டு வரேன். எங்கயும் போயிடாதீங்க."

"நா எங்க போவப்போறேன்," என்றான் குருநாதன்.

அன்றைக்கு ஆபீசர் வரவில்லை. டிவியும் சரியாக இல்லை. எழுத்தெல்லாம் கீழிருந்து மேலே உருண்டு உருண்டு ஓடிக்கொண்டிருந்தது. அமிர்தலிங்கம் டிவியின் தலையில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். கேட்கவில்லை. ராசாங்கத்துக்கு ஆள் போய், அவன் பெரம்பலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து சேரப் பதினோரு மணி ஆகிவிட்டது. காத்திருந்த மற்றவர்கள் எல்லோரும் வெயிலைப் பார்த்துக் கிளம்பிவிட்டார்கள். கண்ணகி மட்டும் ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். அன்று வெளியே காற்றே இல்லை. புளியமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

ராசாங்கத்தின் அப்பன் அடுத்தவன் பண்ணையில் ஏர் ஓட்டியவர். இவன் சின்ன வயதிலேயே ரேடியோ கடைக்குப் போய்த் தொழிலைப் பிடித்துக்கொண்டான். வந்தவன் டிவியின் முதுகுப் பலகையைக் கழற்றி, நீட்டமான திருப்புளியை உள்ளே விட்டு எதையோ திருகினான். உருண்டுகொண்டிருந்த எழுத்து நின்றது. அதோடு போயிருக்கலாம். ஆனால் அவன் முன்பக்கம் வந்து திரையை ஒரு பார்வை பார்த்தான்.

"சார், படம் பொட்டிய விடப் பெருசா இருக்கே சார்."

"அது எப்பிடிய்யா பொட்டிய விடப் பெருசா இருக்கும்?"

"எல்லா டிவியும் அப்பிடித்தான் சார். ஓரத்துல கொஞ்சம் சட்டத்துக்குப் பின்னால போயிடும். சினிமாவுல ஒருத்தன் செருப்பு தெரியலன்னா யாரு கேக்கப்போறா? இது எழுத்தாச்சே. அடியில வரியிருந்தா போயிடும்ல?"

"அடியில ஒண்ணும் இல்லய்யா. நா தெனம் பாக்கறேன்."

"இருங்க சார், கொஞ்சம் சுருக்கி உடறேன்."

அவன் மறுபடியும் பின்னால் போய்த் திருகினான். திரையில் எழுத்துகள் மேலும் கீழும் நெருங்கின. மேலே கறுப்பாக ஒரு பட்டை விழுந்தது. கீழே சட்டத்துக்குள்ளிருந்து ஒரு வரி மேலே ஏறி வந்தது. முதலில் தலை தெரிந்தது. அப்புறம் முழுசாக வந்து நின்றது.

நானூற்றுப் பதினெட்டு. பக்கத்தில் இங்கிலீஷில் பேர். அதற்குப் பக்கத்தில் நாளைய தேதி.

கண்ணகிக்கு இங்கிலீஷ் தெரியாது. நம்பர் தெரியும். எழுந்து போய்த் திரையில் விரலை வைத்தாள்.

"சார், இது எங்க நம்பரு சார். இது எங்க நம்பரு."

அமிர்தலிங்கம் வாயைத் திறந்தவர் மூடவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு கட்டையை அமுக்கிப் பார்த்தார். அடுத்த பக்கம் பாதியோடு நின்றது, அதில் மறைய ஒன்றுமில்லை. திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தார். நானூற்றுப் பதினெட்டு அதே இடத்தில் இருந்தது.

"திங்கக்கெழமயிலேருந்து இங்கதான் இருந்துச்சா சார்?"

"இருந்திருக்கும்மா."

"அப்ப போன வாரம் பொன்னம்மாக்கா நம்பரும் இப்பிடித்தான் அடியில இருந்துச்சா? அதுக்கு முந்தி எரிஞ்சவங்க நம்பரும்?"

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். ராசாங்கத்தைப் பார்த்து, நீ கிளம்புய்யா என்றார். அவன் திருப்புளியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, கண்ணகியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனான். அமிர்தலிங்கம் சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். 

"ஒனக்கு இப்பவே எழுதிக் குடுத்துடறேம்மா. நாளைக்குக் காலையில ஆள் எறங்கும். ஆனா இத வெளியில சொல்லிக்காத. பொன்னம்மாளுக்குத் தெரிஞ்சா, மத்தவங்களுக்குத் தெரிஞ்சா, ஆபீசையே கொளுத்திப்புடுவாங்க. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. இனிமேதான் படத்த சுருக்கியாச்சே, இனிமே யாருக்கும் போவாது. சொல்ல மாட்டியே?"

அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் என்ன சொல்லியிருப்பார்கள்? பொன்னம்மாளின் முகம் கண்ணகியின் கண்முன் வந்துதான் போனது. ஆனால் சீட்டு அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"சொல்ல மாட்டேன் சார்."

சீட்டை வாங்கி நாலாக மடித்து, தீப்பெட்டியோடு மடியில் சொருகிக்கொண்டாள். அப்போது மணி பதினொன்றரை. பஸ் ஸ்டாப்பில் நிற்க முடியாமல் அங்கும் இங்கும் நடந்தாள். வீட்டுக்குப் போனதும் அவனை என்னவெல்லாம் சொல்லிக் கிண்டல் செய்யலாம் என்று யோசித்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். எவனோ எடுத்துட்டான்னு சொன்னீங்களே, பாருங்க, அடியில ஒளிஞ்சிக்கிட்டு இருந்துச்சு என்று சொல்ல வேண்டும். கடையில் அவனுக்கு ஒரு பொட்டலம் காராச்சேவு வாங்கிக்கொண்டாள்.

பஸ் நத்தமேட்டு விலக்கை நெருங்கும்போது ஜன்னல் வழியாகக் கறுப்பாக ஒன்று பறந்துவந்து அவள் முழங்கையில் ஒட்டியது. தட்டிவிட்டாள். கரியாக இழுகியது. முன்சீட்டில் இருந்தவர் எட்டிப் பார்த்து, "எவன் கொல்லையோ பத்திக்கிச்சுடா," என்றார். டிரைவர் வண்டியை மெதுவாக்கினார். வேலமரங்களுக்கு மேலே புகை நேராக எழும்பி நின்றது. காற்று இல்லாததால் அது எந்தப் பக்கமும் சாயவில்லை. கண்ணகிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மூன்று ஏக்கரும் கறுத்த குச்சிகளாக நின்று புகைந்துகொண்டிருந்தது. பச்சைத் தழையும் குடமுமாக ஊர்ச்சனம் வரப்பில் நின்றது. கிணற்று மேட்டில் குருநாதன் உட்கார்ந்திருந்தான். வலது கையை ஈரத்துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தான். பக்கத்து இளங்கரும்புக்குத் தீ தாவப்போன இடத்தில், எரிகிற சோகையைக் கையால் வாரி இழுத்துப் போட்டிருக்கிறான். அதனால் அங்கே இரண்டு சால் கரும்பு கருகியதோடு நின்றது.

"தானா பத்திக்கிச்சு," என்றான் ஊர் கேட்க.

கூட்டம் கலைந்த பிறகுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"சனிக்கெழம வரைக்கும்னுதான் இருந்தேன் புள்ள. இன்னைக்குக் காத்து இல்ல. நாளைக்கு அடிச்சா பக்கத்துக் காடும் போயிடும். நீ வூட்ல இருந்தா உட மாட்ட. அதான் நீ இல்லாத நேரமாப் பாத்து, பன்னெண்டு மணி வாக்குல..."

அவள் மடியில் சீட்டு இருந்தது. வாயைத் திறந்தாள்.

"நா செஞ்சது சரிதான?" என்று கேட்டான் அவன். "இல்லாட்டி ஒரு மாசம் நின்னு செத்துப்போயிருக்கும். எவனும் நமக்குக் குடுத்திருக்க மாட்டான். சரிதான புள்ள?"

ஒன்று அது எரிய வேண்டும், இல்லாவிட்டால் நான் எரிய வேண்டும் என்று சொன்ன அதே முகம். அவள் சீட்டை மடிக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினாள்.

"சரிதாங்க," என்றாள். "கையக் காட்டுங்க."

பீல்டுமேன் நாலு மணிக்குச் சைக்கிளில் வந்தார். எப்படிப் பத்துச்சு என்று கேட்டார், சொன்னதை எழுதிக்கொண்டார், மறுநாளைக்கு ஆர்டர் கிழித்துக் கொடுத்தார். இரண்டு சீட்டிலும் ஒரே தேதி. கண்ணகி சாயங்காலம் உலை வைக்கும்போது தன் சீட்டை அடுப்பில் தள்ளினாள். கெட்டிக் காகிதம், எரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒரு தடவை வாய்விட்டு அழுதாள். புகை என்று சொல்லிக்கொண்டாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஆள் இறங்கி வெட்டினார்கள். சாயங்காலம் அவர்கள் வரிசையாக உட்கார்ந்து சோறு தின்னும்போது யார் ஆண் யார் பெண் என்று தெரியாதபடி எல்லோரும் ஒரே கரியாக இருந்தார்கள். எடையில் பிடித்தது போக வரவேண்டியதில் பாதிதான் நின்றது. அடிக்கட்டையும் தீய்ந்துவிட்டதால் அடுத்த வருஷத்துக்கு அதிலிருந்து மறுதாம்பு தழைக்காது என்றார் வெட்டு ஆட்களின் மேஸ்திரி. குருநாதன் கையில் தோல் உரிந்து, பாடாலூரில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். ஆனால் அவன் தெம்பாக இருந்தான். டீக்கடையில் அவனிடம் யோசனை கேட்டார்கள். ஆண்பிள்ளை செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அந்த நினைப்பில்தான் அவன் எழுந்து நடமாடுகிறான் என்று கண்ணகிக்குத் தோன்றியது. எப்பாடு பட்டாவது அதைக் காப்பாற்ற வேண்டும் என்று இருந்தாள்.

புதன்கிழமை எடைச்சீட்டு வாங்க ஆபீசுக்கு வரச்சொன்னார்கள். அவனை மட்டும் அனுப்பினால் அமிர்தலிங்கம் எதையாவது உளறிவைப்பார் என்று கூடவே போனாள். அமிர்தலிங்கம் அவர்களைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். குருநாதனுக்குக் கையெழுத்துப் போட முடியவில்லை, இடது கைப் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தான். கண்ணகி டிவியைப் பார்த்தாள். மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை இல்லை. எழுத்து பழையபடி சட்டம் வரைக்கும் நிறைந்திருந்தது.

குருநாதன் துணியில் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் மேஜையோரம் குனிந்தாள்.

"ஏன் சார் மறுபடியும் பெருசாயிருக்கு?"

"ஆபீசர் ஞாயித்துக்கெழம படம் பாக்க வந்தாரும்மா. இவ்வளவு பெரிய டிவிய வாங்கிட்டுச் சுருக்கி வெச்சிருக்கீங்களேன்னு திட்டி, அங்கயே ஒரு ஆள வெச்சுத் திருகச் சொல்லிட்டாரு. எதுக்குச் சுருக்குனேன்னு நா எப்பிடிச் சொல்றது?" அவர் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "ராசாங்கத்துக்குச் சொல்லி உட்டிருக்கேன். அவன் வெளியூரு போயிருக்கான்."

"இந்த வாரம் அடியில யாரு?"

"எனக்கே தெரியாதும்மா."

கூட்டத்தில் ஒரு பெரியவர் டிவியை விட்டு நகராமல் நின்றுகொண்டிருந்தார். நாரணமங்கலத்துச் செல்லக்கண்ணு என்று பேர் சொன்னார்கள். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று பார்த்துவிட்டு, குருநாதனின் கைக்கட்டைப் பார்த்துப் பக்கத்தில் வந்தார்.

"ஏந்தம்பி, நத்தமேடு ஒங்க காடுதானா? எரிஞ்ச மறுநாளே ஆர்டராமே?"

"ஆமாங்க."

"எனக்கு மூணு நாளா நம்பரே வரல. எங்கூட நட்டவனுக்கெல்லாம் வந்துடுச்சு. எம்மவனும் ஊர்ல இல்ல. அம்பது வருசமா வெள்ளாம பண்றேன், வெளஞ்சதக் கொளுத்துனதில்ல." பெரியவரின் உதடு கோணியது. "எரிஞ்சாத்தான் வெட்டுவானுங்கன்னா வேற என்னா பண்றது?"

குருநாதன் சுற்றும் முற்றும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"நா சொன்னேன்னு சொல்லிக்காதீங்க. சுத்தி சோகைய எட்டடி வாரிடுங்க. காத்து இல்லாத நேரமாப் பாத்து, மேலண்டையிலேருந்து..."

"வேணாங்க!" என்றாள் கண்ணகி.

அவள் போட்ட சத்தத்தில் ஆபீசே திரும்பியது. அமிர்தலிங்கம் பேனாவைக் கீழே வைத்தார், வேண்டாம் என்று கையை மட்டும் லேசாக ஆட்டினார். கண்ணகி அவரைப் பார்க்கவில்லை. குருநாதனையும் பார்க்கவில்லை. பெரியவரின் கையைப் பிடித்து டிவிக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போய், அடிச் சட்டத்தில் விரலை வைத்தாள்.

"இந்தச் சட்டத்துக்குப் பின்னால இன்னொரு வரி இருக்கு பெரீப்பா. ஒங்க நம்பரு அதுலதான் இருக்கும். பின்னால திருகச் சொல்லுங்க, படம் சுருங்கும், மேல ஏறி வரும். யாரும் ஒங்கள எடுக்கல. எதையும் கொளுத்தாதீங்க."

 யாரோ ஒருவன் டிவியின் பின்னால் போனான். பலகை கழற்றும் சத்தம் கேட்டது. குருநாதன் ஒரு அடி முன்னால் வந்தான்.

"இது ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"நம்ம நம்பரும் அங்கதாங்க இருந்துச்சு."

"எப்பத் தெரியும்?"

அவளால் இதற்கு மேல் எதையும் மறைக்க முடியவில்லை.

"வெள்ளிக்கெழம பதினொன்ற மணிக்கு. சீட்டே வாங்கிட்டேங்க. அதக் கையில வெச்சிக்கிட்டுத்தான் பஸ்ஸ உட்டு எறங்குனேன். நீங்க சரிதானன்னு கேட்டீங்க. எனக்குச் சொல்ல வாய் வரல."

குருநாதன் எடைச்சீட்டை மேஜை மேலேயே விட்டுவிட்டுத் திரும்பி நடந்தான். கதவருகில் நின்றவர்கள் அவன் முகத்தைப் பார்த்து விலகி வழிவிட்டார்கள். வெளியே ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

டிவியில் கீழே ஒரு வரி ஏறி வந்தது. "வந்துடுச்சு, எந்நம்பரு வந்துடுச்சு," என்று கத்தினார் செல்லக்கண்ணு. அமிர்தலிங்கம் சீட்டுப் புத்தகத்தைப் பிரித்து எழுதத் தொடங்கினார். கண்ணகி கூட்டத்தைப் பிளந்துகொண்டு, ஏங்க, ஏங்க என்று கூப்பிட்டபடி ரோட்டுக்கு ஓடினாள்.